தந்தையின் நினைவாக ஒரு கடிகாரம்

என் வீட்டு அலமாரியில் ரேஷன் கார்டுக்கும் பழைய மூக்குக்கண்ணாடிக்கும் நடுவே ஒரு பித்தளைச் சாவி கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதன் வளையத்தில் கறுப்புக் கயிற்றுத் துண்டு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அது ஒரு மனிதரின் அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவி. வீட்டை ஒழிக்கும்போதெல்லாம் என் மனைவி அதைக் கையில் எடுத்து, "எந்தப் பூட்டுக்குன்னே தெரியாத சாவிய எதுக்குங்க கட்டிக்கிட்டு அழுவுறீங்க?" என்பாள். எந்தப் பூட்டுக்கான சாவி என்று எனக்குத் தெரியும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருஷம் நான் டைம் கீப்பர். அரசாங்க உத்தியோகம் இல்லை. தனியார் பஸ்காரர்களின் சங்கம் என்னை அங்கே உட்கார வைத்திருந்தது. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று நோட்டில் எழுதுவேன். நேரம் முடிந்தும் நகராத வண்டிக்கு விசில் ஊதுவேன். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலைபோல இருக்கும். ஆனால் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் பத்து ஆள் ஏறுவார்கள், அந்தப் பத்து பேரும் பின்னால் வரும் வண்டியில் ஏற வேண்டியவர்கள். அதனால் டிரைவர் பிரேக் பிடிக்கவில்லை என்பான், கண்டக்டர் சில்லறை மாற்றப் போனேன் என்பான், கிளீனர் டயரைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிக்கொண்டே இருப்பான். ஒருத்தன் பேச்சையும் நான் நம்பியதில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. மனைவி சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்றால்கூட ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவேன்.

அந்தச் சாவியை இடுப்பில் கட்டியிருந்த முதலாளியை நான் முதலில் பார்த்தபோது அவர் முதலாளி இல்லை. பெரம்பலூரிலிருந்து வந்த ஒரு பழைய பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு "ரைட், ரைட்" என்று கத்திய கண்டக்டர். ஓட்டியவர் அவருடைய அண்ணன். பஸ் இரண்டு பேருக்கும் சொந்தம். அவர்களின் அப்பா மாட்டுவண்டியில் சுண்ணாம்புக்கல் ஏற்றியவர், அவருக்கு முந்திய தலைமுறை அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்த தலைமுறை. அந்த வீட்டிலிருந்து ஒரு பஸ் புறப்பட்டு ரோட்டுக்கு வந்தபோது எங்கள் பக்கத்தில் சந்தோஷப்படாத ஆளே கிடையாது. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது அவர்களின் அப்பா வண்டியின் முகப்பைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டாராம். அதை அண்ணன்தான் என்னிடம் சொன்னார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பிக்கு ஒரு பஸ் போதவில்லை. இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, அங்கே யார் எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போக வேண்டும், அப்படிப்பட்ட ஊரில் பஸ்காரன் பெரிய ஆளாக ஆசைப்படுவது இயற்கை. மூன்றாவது பஸ் வந்தபோது அண்ணன் பிரிந்துகொண்டார். "எனக்கு ஓட்டத் தெரியும், மேய்க்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸையும் அதன் புறப்பாட்டு டைமிங்குகளையும் மட்டும் எடுத்துக்கொண்டார். தம்பி எட்டுப் பஸ் வரைக்கும் போனார். சங்கத்துக்குத் தலைவரானார். என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவரும் அவர்தான். மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு வாய்க்கு வாய் ஒன்று சொல்வார்: "டைம் கீப்பரே, பெரம்பலூர்லேருந்து மீன்சுருட்டி வரைக்கும் ஒருத்தன் ரோட்டுல கையக் காட்டுனா, நிக்கிற பஸ்சு நம்ம பஸ்ஸா இருக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்பை மட்டும் நான் ஒருநாளும் நம்பியதில்லை.

அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது அண்ணனின் எட்டுப் பத்து டைமிங். காலையில் மெட்ராஸ் பக்கமிருந்து வரும் ரயிலில் இறங்குகிறவர்கள் ஆட்டோ பிடித்து எட்டு ஏழு, எட்டு எட்டுக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைவார்கள். பெட்டியும் பையுமாக அத்தனை பேரும் எட்டுப் பத்துக்குப் பெரம்பலூர் புறப்படும் அண்ணன் வண்டியில்தான் ஏறுவார்கள். அடுத்தது முதலாளியின் எட்டு இருபது. அது காலியாக உறுமிக்கொண்டு நிற்கும். எட்டுப் பஸ் வைத்திருந்த மனிதர் அந்த ஒரே ஒரு டைமிங்கை நினைத்துத் தூக்கம் கெட்டார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒரு கடிகாரத்தோடு வந்தார். அடேயப்பா, சோற்று அண்டா மூடி அகலத்துக்கு இருந்தது. எங்கள் ஊர்களில் கோயிலுக்கு ட்யூப்லைட் கொடுத்தால் வெளிச்சமே தெரியாத அளவுக்கு அதில் பெயர் எழுதிக் கொடுப்போம் அல்லவா, அதைப்போல அந்தக் கடிகார முகத்தில் சிவப்பு எழுத்தில் அவருடைய அப்பாவின் பெயர், அதன் மேலே 'தந்தையின் நினைவாக' என்று ஒரு வரி, கீழே 'அன்பளிப்பு' என்று அவர் பெயர். முள் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள்: இனிமேல் அவரவர் கைக்கடிகாரம், செல்போன் எதுவும் செல்லாது, புறப்பாடு இந்தக் கடிகாரப்படிதான். சண்டை ஒழியும் என்று எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவர் மட்டும் என் அறைக்கு வந்து கதவை ஒருக்களித்தார். "அஞ்சு நிமிஷம் முன்னாடி தள்ளி வையி" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளைத் திருப்பினேன். என் கைதான் திருப்பியது, வேறு யாருடையதும் இல்லை.

மறுநாளிலிருந்து அண்ணன் வண்டி உண்மையான நேரம் எட்டு ஐந்துக்கே காலியாகப் போயிற்று. இரண்டு நிமிஷம் கழித்து ரயில் கூட்டம் வந்து முதலாளி வண்டியில் அடைந்துகொண்டது. மூன்றாம் நாள் அண்ணன் இறங்கி என் அறை வாசலுக்கு வந்தார். அவர் கையில் சாவி கொடுத்து ஓடும் பழைய வாட்ச். அதைப் பார்த்தார், மேலே பெரிய கடிகாரத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம் அந்தச் சிவப்பு எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது கத்தப் போகிறார், ஆளைக் கூட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, "அப்பா பேரு போட்டிருக்கு. அது பொய் சொல்லுதுன்னு நாலு பேருக்கு நடுவுல நான் எப்பிடிய்யா சொல்லுவேன்?" என்றார். வாட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் வண்டியை எடுத்தார். முதலாளிக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்குமோ, அண்ணன் வாயை அடைக்கத்தான் அப்பா பெயரை எழுதினாரோ என்று அன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. இன்னும் அது எழுந்திருக்கவில்லை.

எட்டு மாதம் தாங்கினார். பிறகு அண்ணனின் பஸ் தம்பியின் பெயருக்கு மாறியது. அதைவிடக் கொடுமை, அதே வண்டிக்கு, அதே எட்டுப் பத்துக்கு, அண்ணனே சம்பள டிரைவராக வந்து உட்கார்ந்தார். "வேற எதுங்க தெரியும் எனக்கு?" என்று சிரித்தார். இனி ரயில் கூட்டமும் முதலாளி கூட்டம்தானே. முதலாளி வந்து கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். நான் ஸ்டூலைவிட்டு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எனக்காவத் திருப்புன கை நாளைக்கி இன்னொருத்தனுக்காவவும் திருப்பும்ல?" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுவாரம் ஒரு பட்டறைக்காரர் வந்து கடிகாரத்தைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு போட்டுப் பூட்டு மாட்டினார். சாவியை முதலாளி வாங்கி என் கண் முன்னாலேயே இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். பெரம்பலூரில் இருக்கிற மனிதரின் இடுப்பில் அரியலூர்க் கடிகாரத்தின் சாவி!

அதற்குப் பிறகுதான் அவரை அந்த வியாதி முழுசாகப் பிடித்தது. ரோட்டில் போட்டி என்று சொல்ல ஆளே இல்லாமல் போனவுடன், தான் செய்ததைத் தனக்கு யார் செய்யப்போகிறார்கள் என்று சொந்த ஆட்களிடையே தேட ஆரம்பித்தார். பயணிபோல ஆளை ஏற்றிக் கண்டக்டரை வேவு பார்த்தார். அந்த வேவுக்காரனை வேவு பார்க்க இன்னொருத்தன். யார் என்ன சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "யாரு சொல்லிக்குடுத்தா?" டயர் தேய்ந்துவிட்டது என்றால் யாரு சொல்லிக்குடுத்தா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏற முடியவில்லை என்றால் யாரு சொல்லிக்குடுத்தா? பதினைந்து வருஷம் கூட இருந்த டிக்கெட் செக்கர் ஒருவர், "முதலாளி, டிரைவருங்க மனசு விட்டுட்டாங்க" என்று சொன்னதற்கு மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதோடு எல்லோரும் புத்திசாலிகள் ஆகிவிட்டோம். அவர் வந்தால் "எல்லாம் நல்லா ஓடுதுங்க" என்போம்.

கடிகாரம் நன்றாக ஓடவில்லை. அரியலூரில் கல் லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதி எதையும் விட்டுவைக்காது. அது போதாதென்று உள்ளே பேட்டரியும் தீர்ந்துகொண்டு வந்தது. முதலில் இரண்டு நிமிஷம் பின்தங்கியது. அப்புறம் ஐந்து. நான் பார்த்தேன். கண்டக்டர்கள் பார்த்தார்கள். டீக்கடைக்காரர்கூடப் பார்த்துவிட்டு, "முதலாளி டைமுல இன்னும் விடியலீங்களா?" என்று கிண்டல் செய்தார். கூண்டைத் திறக்கச் சாவி இல்லை. சாவி வைத்திருப்பவரிடம் சொல்ல எவனுக்கும் துணிச்சல் இல்லை. தீர்மானம்தான் இருக்கிறதே, கடிகாரப்படிதான் புறப்பாடு! நான் கடிகாரம் காட்டியதையே நோட்டில் எழுதினேன். பதினொரு நிமிஷம் பின்தங்கியபோதும் எட்டுப் பத்து என்றுதான் எழுதினேன். ஆனால் பெரம்பலூரில் உண்மையான நேரத்தைப் பார்க்கிற ஆள் இருந்தான். ஆகவே இங்கே தொலைத்த நிமிஷங்களை டிரைவர்கள் ரோட்டில் பிடித்தார்கள். கண்மண் தெரியாமல் ஓட்டினார்கள். அண்ணன் மட்டும் தன் வேகத்தில்தான் ஓட்டினார். தினமும் பதினொரு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்.

முதலாளிக்கு அது போதும். வஞ்சம் வைத்துக்கொண்டு அண்ணன் தன் பெயரைக் கெடுக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டார். ஒரு காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் அரியலூருக்கு வந்து என் அறை வாசலில் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைவாட்சைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. இதோ, கண்டுபிடித்துவிட்டார், பிழைத்தோம் என்று நினைத்தேன். அவர் வாட்சைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "அந்த வாட்ச் கடைக்காரப் பய என்னமோ பண்ணிட்டான்" என்றார். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர், தான் பூட்டி வைத்ததை மட்டும் சந்தேகப்படவில்லை.

கடிகாரத்தில் எட்டுப் பத்து ஆனது. அண்ணன் வண்டியைக் கிளப்பினார். முதலாளி முன்னால் போய்க் கையைக் காட்டி நிறுத்தி, பயணிகள் அத்தனை பேரும் பார்க்க, "கரெக்டா எடுக்குற வண்டி எப்பிடி தெனம் லேட்டாப் போவும்? யாருகிட்ட பேசி வச்சிருக்க?" என்று கேட்டார். அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "வண்டி லேட்டாப் போவல தம்பி. லேட்டாக் கெளம்புது" என்றார். "யாரு சொல்லிக்குடுத்தா?" என்று தம்பி கத்தினார். அண்ணன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். அதட்டும் பார்வை இல்லை. ஒரு வார்த்தை சொல்லேன்ப்பா என்கிற பார்வை. 'ஆமாங்க முதலாளி, பதினொரு நிமிஷம் பிந்துது' என்று நான் சொல்லியிருந்தால் என் நாற்காலி போயிருக்கும், அவ்வளவுதான். நான் குனிந்து நோட்டில் எட்டுப் பத்து என்று எழுதினேன்.

"எறங்கு. நான் ஓட்டிக் காட்டுறேன்" என்றார் முதலாளி. அவர் பஸ் ஓட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் இறங்கினார். கண்டக்டர் விசில் ஊதிய பிறகு அண்ணன் என்ன நினைத்தாரோ, சுற்றிப் போய் முன்வாசல் வழியாக ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டார். தம்பி அவசரப்பட்டால் கையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்திருக்கலாம். பாதி வழியில், இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரம் நின்ற ஒரு வளைவில், எதிரே கல் லாரி வந்திருக்கிறது. தம்பி தொலைந்த நிமிஷங்களைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். வண்டி சோளக்கொல்லைக்குள் இறங்கிச் சாய்ந்தது. பலருக்கு அடி, சிலருக்கு எலும்பு முறிவு. உயிர் போனது ஒருத்தருக்குத்தான். அவர் சட்டைப் பையில் இருந்த பழைய வாட்ச் ஓடிக்கொண்டே இருந்ததாகக் கண்டக்டர் பிறகு என்னிடம் சொன்னான். சரியான நேரம் காட்டியதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று சரிந்தது. வழக்கு, விசாரணை, பெர்மிட் ரத்து. ஒவ்வொரு பஸ்ஸாக வேறு வேறு பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு வெளியேறியது. எந்தக் கண்டக்டரும் அவருக்காகச் சாட்சி சொல்லப் போகவில்லை. சங்கத்துக்கு வேறு தலைவர் வந்தார். அவர் காலத்தில் நான் மறுபடியும் கைக்கடிகாரம் பார்த்து எழுதினேன். கூண்டை உடைக்க யாரும் சொல்லவில்லை, இறந்துபோன தகப்பனார் பெயர் எழுதிய பொருள் ஆயிற்றே என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் பழைய முதலாளி வந்தார். ஊன்றுகோல், வெள்ளைத் தாடி, தோளில் துண்டுகூட இல்லை. யாருடைய பஸ்ஸிலோ டிக்கெட் எடுத்து வந்திருந்தார். என் எதிரே ஸ்டூலில், நான் ஏறி முள்ளைத் திருப்பிய அதே ஸ்டூலில், உட்கார்ந்தார்.

"டைம் கீப்பரே, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. அந்தக் கடியாரம் எத்தன நிமிசம் பிந்துச்சு?"

"பதினொண்ணுங்க."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுங்க."

இப்போது 'யாரு சொல்லிக்குடுத்தா?' என்கிற அந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "முன்னாடி நீ தள்ளி வச்சியே அஞ்சு நிமிசம், அது அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான் "தெரியாதுங்க" என்றேன். அந்த மனிதர் மேல் பரிதாபப்பட்டுச் சொன்னேனா, என் கை வெளியே தெரிந்துவிடும் என்று சொன்னேனா என்று என்னையே நான் இன்றுவரை சந்தேகப்படுகிறேன். அவர் ஏதோ பாரம் இறங்கியதுபோல மூச்சுவிட்டு, இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அறுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "இனிமே நீயே பாத்துக்க. அப்பா பேரு இருக்குல்ல, அது சரியா ஓடணும்" என்றார். அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். இத்தனை வருஷம் கழித்து எதற்கு என்னிடம் தருகிறார்? பழியை என் தலையில் கட்டவா? இப்படியும் ஒரு பிறவி நான்.

மறுநாள் காலை புது பேட்டரி வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். சாவி பூட்டுக்குள் நுழையவே இல்லை. துருப்பிடித்திருக்கும் என்று தேங்காய் எண்ணெய் விட்டேன், திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பூட்டு வேறு, சாவி வேறு. பட்டறைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரா, கயிற்றில் கோத்தபோது வேறு சாவி மாறிவிட்டதா, யாருக்குத் தெரியும்? ஒன்று மட்டும் நிச்சயம். அத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறைகூட அதைப் பூட்டில் வைத்துப் பார்க்கவில்லை. எந்தப் பூட்டையும் திறக்காத ஒரு சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் அந்த ரோட்டையே அவர் ஆண்டிருக்கிறார்.

அதை அவரிடம் போய்ச் சொன்னேனா? சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வார். "கடியாரம் சரியா ஓடுதா?" என்பார். தலைக்கு மேலே கூண்டுக்குள் அது எப்போதோ நின்றுபோன ஒரு ஆறு நாற்பதைக் காட்டிக்கொண்டிருக்கும். "நல்லா ஓடுதுங்க முதலாளி" என்பேன். "சந்தோசம்ப்பா" என்பார். அவர் சாகும்வரை, ஒரு வாரம் விடாமல், அதே கேள்வி, அதே பதில். அவர் ராஜாவாக இருந்தபோது பயத்தில் சொன்னேன். ஒன்றுமில்லாமல் ஆனபிறகும் அதையேதான் சொன்னேன்.

இப்போது பஸ் ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். கூண்டைக் கடப்பாரையால் ஒரே நெம்பில் பெயர்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எத்தனை லேசான காரியம், பாருங்கள். பெரம்பலூர் போனால் அங்கே சிவப்பு விளக்கில் எண்கள் ஓடும் கடிகாரம் இருக்கிறது. நான் அதையும் நம்பாமல் செல்போனை எடுத்துச் சரிபார்த்துக்கொள்கிறேன். இரண்டும் ஒத்துப்போனாலும் பக்கத்தில் நிற்பவரிடம் ஒருமுறை கேட்கிறேன்.

நேற்று மனைவி மறுபடியும் சாவியைக் கையில் எடுத்தாள். "இது எதத்தாங்க தொறக்கும்?" என்றாள். "எதையும் தொறக்காது" என்றேன். "அப்பத் தூக்கிப் போட்டுடவா?" என்றாள். அவள் கையிலிருந்து வாங்கி, ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில், இருந்த இடத்திலேயே வைத்தேன்.